பொட்டு வைத்த லேப்டாப்

என் அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு லேப்டாப் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். அதற்கு மேல் அது எதுவும் செய்யவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் அவருடைய குவார்ட்டர்ஸில், படுக்கையறை பீரோவில், பட்டுப்புடவைகளுக்கும் ஊர் நிலத்துப் பத்திரத்துக்கும் நடுவே, வாங்கிய பெட்டியோடு, பாச்சை உருண்டைகளின் காவலில் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். நிலக்கரி மைன்ஸில் அன்றைக்கு மண் வெட்டும் ராட்சத மெஷினுக்கே மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். அந்த மெஷின் மற்ற நாளெல்லாம் ராப்பகலாக வேலை செய்கிறது, அதனால் அதற்கு அந்த மரியாதை தகும். எங்கள் அத்தான் வீட்டில் ஒருநாளும் வேலை செய்யாத லேப்டாப்புக்கும் அதே மரியாதை. மூடியில் சந்தனம், மேலே குங்குமம், ஒரு சாமந்திப் பூ. பூஜை முடிந்ததும் பூவை எடுத்துவிட்டு மறுபடி பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார். கடைக்காரன் திரையில் ஒட்டிக் கொடுத்த கண்ணாடித்தாளைக்கூட உரித்ததில்லை.

நானும் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள்தான். அப்பா தெற்கத்திச் சீமையிலிருந்து வேலைக்கு வந்த பெர்மனென்ட். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அம்மாவோடு ஊருக்கே போய்விட்டார். போவதற்கு முன் அக்காவை இன்னொரு பெர்மனென்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். நான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு கம்மாபுரம் பக்கத்துக்காரரை, மைன்ஸில் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவரை, நானாகவே விரும்பிக் கட்டிக்கொண்டேன். டவுன்ஷிப்பில் ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி எந்த பிளாக் என்பது, இரண்டாவது பெர்மனென்டா கான்ட்ராக்டா என்பது. பதிலைக் கேட்டபின் மூன்றாவது கேள்வி கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் யாரும் மூன்றாவது கேள்வி கேட்டதில்லை. அத்தான் மட்டும் கேட்டார். "சாப்பாட்டுக்கு என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார். எரிச்சலாக வந்தது.

கான்ட்ராக்டர் மாறினார். புது ஆள் தன் ஆட்களோடு வந்தார். என் வீட்டுக்காரருக்கு எப்போதாவது ஒரு ஷிப்டு கிடைத்தால் அதிகம் என்று ஆனது. இந்தச் செய்தி காதில் விழுந்ததும் அத்தான் சுறுசுறுப்பாகிவிட்டார். தெரிந்த ஆபீசர் ஒருவர் வீட்டில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள், அவரிடம் எனக்காகப் பேசி வைத்திருக்கிறார். சமையல் வேலையில் கேவலம் ஒன்றுமில்லை, தினமும் செய்வதுதான். ஆனால் தொகையீடும் வகையீடும் படித்தவளுக்கு அந்த ஒரு வேலைதான் உண்டு என்று இந்த மனிதர் எப்படி முடிவு செய்தார்? அதே நேரத்தில் நானும் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தேன். கணக்குப் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்யும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. பின்னம், வர்க்கமூலம், தொகையீட்டுக் குறி எல்லாவற்றையும் அதற்கென்று இருக்கும் மென்பொருளில் வரி வரியாக அடித்து, பக்கமாக்க வேண்டும். கல்லூரியில் அதைக் கொஞ்சம் பழகியிருந்தேன். ஒரே நிபந்தனை, சொந்தமாகக் கம்ப்யூட்டர் வேண்டும். ஆக, அந்த வேலை கிடைத்தால் கணக்கு, கிடைக்காவிட்டால் ஆபீசர் வீட்டுச் சாம்பார்.

வெட்கத்தை விட்டு அத்தானிடம் போய்க் கேட்டேன்.

"லேப்டாப்பா? அது இன்னும் ஓப்பனே பண்ணலம்மா."

"ஓப்பன் பண்ணத்தானே அத்தான் வாங்கினீங்க?"

"உனக்குப் புரியாது. நெட்டை விட்டா வைரஸ் வந்துரும். பொருளைப் பொருளா வச்சுக்கத் தெரியணும்." பிறகு அவருக்கே ஒரு நகைச்சுவை தோன்றிவிட்டது. "சமைக்கிறதுக்கு லேப்டாப் எதுக்கும்மா? அதுல என்ன, தோசையா சுடப் போற?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அடுப்படியில் பாத்திரத்தை ஓசைப்படக் கழுவினாள். அவளால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு போன் இருந்தது. அதுவும் அத்தான் கொடுத்ததுதான். அவர் பெருமைக்காக வாங்கிய விலை கூடிய போன், ஒருநாள் கைதவறிக் கண்ணாடி ஒரு மூலையில் விரிந்துவிட்டது. வேலை செய்வதில் ஒரு குறையுமில்லை. ஆனால் விரிசல் விழுந்த போனை நாலு பேர் முன்னால் மேஜையில் வைக்க முடியுமா? புதுசு வாங்கிக்கொண்டு, இதைத் தானம் செய்கிற முகத்தோடு என் கையில் கொடுத்தார். ஓடாத லேப்டாப்பைப் பூட்டி வைக்கத் தெரிந்த மனிதருக்கு, ஓடுகிற போனைத் தூக்கிக் கொடுப்பதில் தயக்கமே இல்லை. நல்லவேளை, அவருக்கு விவரம் பத்தாது.

அந்தப் போனில்தான் லினக்ஸைப் போட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போனில் ஒரு ஆப்பை இறக்கி, அதற்குள் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்பை முழுசாக நிறுவிவிடலாம். மேசைக் கணினியில் பார்க்கிற அதே டெஸ்க்டாப், ஜன்னல்கள், கோப்புறைகள், மவுஸ் அம்பு எல்லாம் உள்ளங்கைத் திரையில் வந்துவிடும். டிவிக்கு ஒரு வயரை இழுத்து, கீபோர்டைக் கோர்த்தால் உட்கார்ந்து வேலை செய்யலாம். கணக்குக் குறிகளை அடுக்கும் அந்த மென்பொருளும் அதில் ஜோராக ஓடும், காசு கிடையாது.

இதைச் சொல்லித்தர இணையத்தில் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. "அஞ்சே நிமிஷம் மக்களே, உங்க போன் கம்ப்யூட்டர் ஆயிடும்!" என்று ஆரம்பிப்பான். அவன் பின்னாலேயே பெரிய கம்ப்யூட்டர் ஒன்று கலர் கலராக மின்னிக்கொண்டிருக்கும். போனில் லினக்ஸை ஏற்றுவான், பின்னணிப் படத்தை மாற்றுவான், ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ரெண்டு வரி ஓடவிடுவான், "வேற லெவல்ல" என்பான். அதோடு சரி. அதில் அவன் ஒரு பக்கம்கூடத் தட்டச்சு செய்ததில்லை, செய்யவும் போவதில்லை. வீடியோ முடிந்ததும் அழித்துவிடுவான். வயிறு நிறைந்தவன் விரதம் இருந்து காட்டும் விளையாட்டு அது. நான் மாட்டிக்கொண்ட இடத்தில் ஒரு இணைய மன்றத்தில் கேள்வி கேட்டேன். பாதி ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதும் மகா புத்திசாலிகள் கூடும் இடம். வந்த முதல் பதில், "ஏன் கஷ்டப்படுறீங்க சிஸ்டர், ஒரு லேப்டாப் வாங்கிடுங்களேன்." அட, எனக்குத் தோன்றவே இல்லையே!

அஞ்சு நிமிஷத்தில் ஆகவில்லை. பல நாள் மல்லுக்கட்டினேன். போனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. தனக்குள் ஏதோ கனமாக ஓடுகிறது என்று தெரிந்தால் கேட்காமல் கொள்ளாமல் அதைக் கொன்றுவிடும். பழகிப் பார்க்க அரை அத்தியாயம் அடித்திருப்பேன், டெஸ்க்டாப் மொத்தமும் மாயமாகிவிடும். போனில் எந்த செட்டிங்கை அணைத்தால் கொல்லாது என்று நானே துழாவிக் கண்டுபிடித்தேன். அடுத்தது சூடு. எங்கள் ஊர் வெயிலுக்குப் போன் சும்மாவே கொதிக்கும், இதில் லினக்ஸ் வேறு. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்து, டப்பா மூடிமேல் போனைக் கிடத்தினேன். சூடு இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா இது? போனுக்குப் பூஜை பண்ணிகினு இருக்கியா?"

"பூஜை பண்றது உங்க சகலை. நான் வேலை பண்றேன்."

கம்பெனி தேர்வுக்கு நாள் சொன்னது. வீடியோ மீட்டிங்கில் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கொடுக்கும் பக்கத்தை அடித்துக் காட்ட வேண்டும். கம்மாபுரம் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தது பழைய குண்டு டிவி, வயர் சொருக இடம் கிடையாது. கரண்டும் நினைத்தால் போகும். நிலக்கரியை எங்கள் காலடியிலிருந்து தோண்டுகிறார்கள், கரண்டு மட்டும் சுற்றிக்கொண்டு வருகிறது. டவுன்ஷிப்பில் கரண்டு போகாது, அக்கா வீட்டில் நல்ல டிவியும் இன்டர்நெட்டும் இருக்கிறது. அத்தான் ஷிப்டுக்குப் போகிற நேரமாகப் பார்த்து அங்கே போவதென்று முடிவு செய்தேன்.

"அவுங்க வூட்ல போயி ஒக்காந்துகினு ஏன் பேச்சு வாங்கணும்?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அந்த வீட்டு வாசலை மிதிப்பதே கசப்பு.

"அவர் டியூட்டில இருப்பார். டிவி மட்டும்தான் வீட்ல இருக்கும். டிவி பேச்சு பேசாது."

அன்றைக்கு அக்கா சீரியலைத் தியாகம் செய்து டிவியைக் கொடுத்தாள். தாம்பாளம், டப்பா, போன், கீபோர்டு எல்லாம் தயார். மீட்டிங்கில் மேனேஜர் வந்தார். சின்ன வயசுக் குரல், பாதி இங்கிலீஷ். என் திரையைக் காட்டச் சொன்னார். போன் திரை முழுதும் லினக்ஸ் டெஸ்க்டாப்தான் தெரிந்தது, அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு பக்கம் கொடுத்தார். அடித்தேன். தொகையீட்டுக் குறி, மேல் எல்லை, கீழ் எல்லை, வரிசை எண் எல்லாம் ஒழுங்காக விழுந்தது. "குட், குட்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிச் சமன்பாட்டின் பாதியில், அவர் கண்ணெதிரே, என் டெஸ்க்டாப்பின் தலைமேல் ஒரு பட்டை இறங்கியது. "பெர்மனென்ட் அத்தான் அழைக்கிறார்." பச்சை வட்டம், சிவப்பு வட்டம்.

வெட்டினேன். மறுபடி அழைத்தார். வெட்டினேன். மறுபடி அழைத்தார். டியூட்டியில் இருக்கிற மனிதருக்கு என்ன அப்படி அவசரம்? பிறகு தெரிந்தது, ஆபீசர் வீட்டில் மறுநாளே சமையலுக்கு வரச் சொன்னார்களாம், அந்த மங்களச் செய்தியைச் சொல்லத் துடித்திருக்கிறார்.

"ஒரு நிமிஷம்," என்றார் மேனேஜர். "நீங்க... போன்லயா பண்றீங்க?"

மறைக்க வழியில்லை. ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். "ஏய், இங்க வாங்கடா, இதைப் பாருங்க!" என்று ஆபீஸையே கூப்பிட்டார். போனைத் தூக்கிக் கேமராவைத் திருப்பச் சொல்லி, தாம்பாளத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். "அமேசிங் மேடம். எவ்ளோ இன்ஸ்பையரிங்!" என்றார். படம் பிடித்துக்கொண்டார். சமன்பாடு பாதியில் நின்றது. அதை முடிக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் இரண்டு விஷயம் நடந்தது. மேனேஜர் இணையத்தில் என் தாம்பாளத்தின் படத்தைப் போட்டு, ஒரு குக்கிராமத்துப் பெண், கையில் போன், கண்ணில் கனவு என்று உருகி எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கில் கைதட்டல். கம்பெனியிலிருந்து எனக்குத் தனியாக ஒரு மெயில். திறமை இருக்கிறது, ஆனால் எங்களுக்கு நம்பகமான லேப்டாப் அவசியம், வாங்கியதும் படத்தோடு எழுதுங்கள், மறு தேர்வு வைக்கிறோம். உலகத்துக்கு என் போன் முன்னுதாரணம், அவர்களுக்கு மட்டும் அது ஆகாது. த்தூ! அந்த 'கண்ணில் கனவு' வரியைப் படித்தபோது என் கண்ணில் இருந்தது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் படத்தை நீக்கியிருப்பான்.

அந்தப் பதிவு எப்படியோ சுற்றி டவுன்ஷிப்புக்கும் வந்தது. அத்தானின் ஷிப்டில் யாரோ காட்டியிருக்கிறார்கள், தாம்பாளத்துக்குப் பின்னால் தெரிந்த டிவி ஸ்டாண்டை அவர் அடையாளம் கண்டுகொண்டார். அன்றிலிருந்து பிளாக் முழுக்க ஒரே பேச்சு. "நம்ம கொழுந்தியாதான். நம்ம வீட்லதான். போனே நான் கொடுத்ததுதான்." நான் போகாமல் விட்ட சமையல் வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. அதோடு நிறுத்தினாரா? ஆயுத பூஜைக்கு அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் சுண்டலுக்கும் பொரிக்கும் வந்திருந்தபோது, எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"கஷ்டப்பட்டது போதும்மா. லேப்டாப்பை நீயே எடுத்துட்டுப் போ. வேலையில சேரு. நாம எதுக்கு இருக்கோம்?"

மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பெட்டியைக் கொண்டுவந்து பூஜையறை முன் வைத்து, லேப்டாப்பை உருவினார். மூடி சரியாகச் சாத்தியிருக்கவில்லை. கீழ்ப்பாகம் நடுவில் பூரி போல உப்பி, கீபோர்டை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. சார்ஜே ஏற்றாமல் வருஷக்கணக்கில் பூட்டி வைத்ததில் பேட்டரி வீங்கிவிட்டது. போன வருஷமே உப்ப ஆரம்பித்திருக்கும், அவர் மூடிக்குப் பொட்டு வைத்ததோடு சரி, அடியில் யார் பார்த்தது? பவர் பட்டனை அமுக்கினார். திரும்ப அமுக்கினார். கண்ணாடித்தாள் உரிக்காத திரை கறுப்பாகவே இருந்தது.

கூடத்தில் எல்லாரும் பொரியை மென்றுகொண்டே எட்டிப் பார்த்தார்கள். அத்தான் ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா? சும்மா வச்சிருந்ததுக்கே இப்படி ஆயிடுச்சு. நீ எடுத்து யூஸ் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

வந்திருந்தவர்களில் ரெண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஆண்டவா, இவர்களுக்கெல்லாம் யார் பெர்மனென்ட் வேலை கொடுத்தது என்று நினைத்தேன். சொன்னது வேறு.

"பரவால்ல அத்தான், இப்படியே குடுங்க."

வடலூரில் ரிப்பேர் கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி எறிந்தார். சார்ஜரைச் சொருகியும் உயிர் வரவில்லை. போர்டும் போய்விட்டது, தூக்கிப் போடுங்க என்றார். தூக்கிப் போடவில்லை. அதே கடையில் ஒரு பழைய மானிட்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மேஜைமேல் செத்த லேப்டாப்பைத் திறந்து வைத்து, கண்ணாடித்தாளை என் கையாலேயே உரித்தேன். அந்தச் சந்தோஷத்தை விவரிக்க முடியாது. பின்னால் மானிட்டர், மானிட்டரில் என் போனின் லினக்ஸ் டெஸ்க்டாப். போனை லேப்டாப்புக்குப் பின்னால் மறைத்தேன். பார்ப்பவர்களுக்கு, லேப்டாப்பிலிருந்து பெரிய திரைக்குப் படம் போகிற மாதிரி இருக்கும். லேப்டாப் மூடியின் ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, பக்கவாட்டில் அதுவும் தெரிந்தது. வீட்டுக்காரர் போனில் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். "வாவ், பூஜையெல்லாம் போட்டாச்சா! கங்கிராட்ஸ்!" என்று பதில் வந்தது.

மறு தேர்வு, கரண்டு போகாத அக்கா வீட்டில், அதே டிவியில், அதே போனில். இந்த முறை போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்துவிட்டேன், எந்த அத்தானும் உள்ளே வர முடியாது. மீட்டிங்கை லினக்ஸுக்குள் இருக்கும் பிரவுசரிலேயே திறந்து டெஸ்க்டாப்பை மட்டும் காட்டினேன். பேசுவதற்கு அக்காவின் போன். கேமரா ரிப்பேர் என்று சொன்னேன். பக்கம் கொடுத்தார்கள், அடித்தேன், கடைசிச் சமன்பாடு வரை முடித்தேன்.

மேனேஜர் திருப்தியாகப் பெருமூச்சு விட்டார். "பாத்தீங்களா மேடம்? லேப்டாப்னா லேப்டாப்தான். அன்னிக்குப் போன்ல பண்ணும்போது கொஞ்சம் ஸ்லோவா இருந்துச்சு. இப்ப எவ்ளோ ஸ்மூத்!"

"ஆமா சார், வித்தியாசம் எனக்கே தெரியுது," என்றேன். பக்கத்தில் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வேலை கிடைத்தது. இன்றுவரை அதே போனில்தான் செய்கிறேன். எத்தனையோ கணக்குப் புத்தகம் அந்த விரிசல் கண்ணாடி வழியாக அச்சுக்குப் போயிருக்கிறது. கரண்டு போனால் மானிட்டர் அணையும், போன் அணையாது, அந்தச் சின்னத் திரையிலேயே தொடர்வேன். கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது லேப்டாப் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒரு பிரச்சினையும் கொடுத்ததில்லை என்று சொல்கிறேன். டவுன்ஷிப்பில் அத்தான், தன் லேப்டாப்பில்தான் கொழுந்தியாள் சம்பாதிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இரண்டு தரப்புக்கும் அந்தச் செத்த லேப்டாப்பைப் பார்த்தால் போதும், வேலையை யார் பார்த்தார்கள் என்ற கவலை கிடையாது. இவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம்கூட இப்போது இல்லை. இளப்பம்தான் மிச்சம்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அத்தான் போன் செய்தார். "அந்த லேப்டாப்பை ஒருநாள் கொடுத்தனுப்பும்மா. வருஷா வருஷம் பூஜையில வச்சது." கொடுத்தனுப்பினேன். அதற்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே, அதையாவது செய்யட்டும். பூஜையன்று எங்கள் வீட்டிலும் என் வீட்டுக்காரர் அரிவாள்மனை, மண்வெட்டி, அவருடைய டார்ச் லைட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அன்றைக்கும் ஒரு அத்தியாயம் அனுப்ப வேண்டியிருந்தது. போன் தாம்பாளத்து டப்பாமேல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுக்கு வெக்கிலியா? சோறு போடுறதே இதுதான்."

கிண்ணத்தைத் தள்ளினேன்.

"வேணாம். பொட்டு வச்சதெல்லாம் அப்புறம் வேலை செய்யறதில்ல."